தாழையாறு எழுந்து உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

பூலாங்கரையில் முப்பிடாதி சொல்லி எழுந்திருக்காத ஆள் கிடையாது. பொன்னுலிங்கம் கல்யாண மண்டபத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பெருக்கித் துடைக்கிறவள் அவள். பந்தி முடிந்து, மூன்று டம்ளர் பாயசம் குடித்த மயக்கத்தில் ஜமக்காளத்தில் சாய்ந்து கிடக்கிற மாமன் மச்சான்களை, மாப்பிள்ளையின் பெரியப்பாக்களை, யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாமல் வந்து சாப்பிட்டுப் படுத்திருக்கிற வெளியூர் ஆட்களை, ஏன், ஒரு தடவை கூட்டத்துக்கு வந்து மேடையிலேயே தூங்கிப்போன ஒரு கட்சிப் பெரும்புள்ளியைக்கூட, ஈர்க்குவாரியலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தலைமாட்டில் நின்று, "கொஞ்சம் எந்திரிங்க, பெருக்கணும்" என்று ஒரே ஒரு தடவைதான் சொல்லுவாள். குரலை உயர்த்த மாட்டாள், முகத்தைச் சுளிக்க மாட்டாள். ஆனால் அந்தக் குரல் காதில் விழுந்தால் போதும், எப்பேர்ப்பட்ட ஆளும் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்துவிடுவான், எழுந்த பிறகுதான் எதற்கு எழுந்தோம் என்று யோசிப்பான். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தாழையாறு எழுந்தபோது ஊரில் யாரும் பெரிசாக ஆச்சரியப்படவில்லை. முப்பிடாதி சொன்னாளாமே, பின்னே எழாமல் என்ன செய்யும் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அவள் ஆற்றங்கரைக்குப் போனதற்குக் காரணம் உண்டு. மறுநாள் திங்கட்கிழமை அவளுடைய ஒரே மகள் மாரிச்செல்விக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். புருஷன் செத்த பிறகு தனியாளாக நின்று வளர்த்த பிள்ளை, நர்சிங் படித்து வேலைக்கும் போகிற பிள்ளை. பொன்னுலிங்க அண்ணாச்சி மண்டபத்தைச் சும்மாவே கொடுத்துவிட்டு, "இத்தன பேரு கல்யாணத்துக்குப் பெருக்கின. உன் மக கல்யாணத்தன்னைக்கு நீ வாரியலைத் தொடக் கூடாது, பட்டுச்சேலை கட்டிட்டு முன்வரிசையில உக்காரணும், ஆமா" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, சம்பந்தியம்மாள் வாயைத் திறக்கிற வரைக்கும்.

சம்பந்தி சண்முகத்தாய் வள்ளிக்குளத்துக்காரி. நல்ல மனுஷிதான், வாய்தான் கொஞ்சம் நீளம். சேலை எடுக்கப் போன இடத்தில், எல்லாம் முடிந்து பஸ் ஏறப் போகிற நேரத்தில், நினைவு வந்ததுபோலச் சொன்னாள். "எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு மைனி. தாலி கட்டுத அன்னைக்குக் காலையில, பொண்ணு பொறந்த ஊரு ஆத்துத் தண்ணிய ஏழு குடம் அவ தலையில ஊத்தித்தான் மணவறைக்குக் கூட்டிட்டு வருவோம். குழாத்தண்ணி, லாரித்தண்ணி எல்லாம் ஆகாது. என் கொழுந்தனுக்கு வாய்ச்சவ போர்த்தண்ணியில குளிச்சிட்டு வந்து உக்காந்தா. இன்னைக்கு வரைக்கும் அவ எங்க யாருக்கும் ஒரு டம்ளர் காப்பி தந்ததில்ல, பாத்துக்கிடுங்க."

"அதுக்கென்ன மைனி, மண்டபத்துக்குப் பின்னாடிதான ஆறு" என்று முப்பிடாதியும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் சொன்ன வார்த்தை உறைத்தது. தாழையாறு பூலாங்கரைக்குள் நுழையும்போது ஆறு, வெளியே போகும்போது சாக்கடை. நடுவில் இருக்கிற ஒன்றரை மைலில் அது என்ன பாடு படுகிறது என்பது ஊருக்கே தெரியும், தெரிந்தும் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தத் தண்ணீரில் காலை நனைத்தாலே மூன்று நாள் அரிக்கும். அதை மகள் தலையில் ஊற்றுவதா? ஊற்றாமல் விட்டால், காலமெல்லாம் மாமியார் வீட்டில் ஒவ்வொரு டம்ளர் காப்பிக்கும் என் பிள்ளை பேச்சு வாங்குவதா? ஏழு குடம், ஏழே ஏழு குடம் நல்ல தண்ணீர், அதற்கு எங்கே போவேன் என்று இரண்டு வாரம் அவள் தூங்கவில்லை.

அப்போதுதான் ஞானதீபம் டீச்சர் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் திரட்டி ஆற்றைச் சுத்தம் செய்கிறவள். மஞ்சள் பனியன் போட்ட எழுபது பேர் வருவார்கள், கொக்கிக் கம்பால் கரையோரத்தைக் கிண்டுவார்கள், படம் எடுப்பார்கள், பொட்டலப் பொங்கல் சாப்பிடுவார்கள், பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். போன வருஷம் சுத்தம் செய்து முடித்த மறுநாள் கரையில் நாலு மூட்டைக் குப்பை கூடுதலாகக் கிடந்ததாக டீச்சரே அழாக்குறையாகச் சொன்னாள். இருந்தாலும் விடாமல் இந்த வருஷமும் வந்தாள், தொண்டை கட்டக் கட்டக் கூப்பிட்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள், தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது, வாரியலை எடுத்துக்கொண்டு முப்பிடாதி கிளம்பியதைப் பார்த்து மாரிச்செல்வி, "எம்மா, உனக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். "ஒன்பது மணிக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போய்ப் பார்த்தால், ஒரு பையை இழுத்தால் அதன் அடியிலிருந்து இரண்டு பை மிதந்து வருகிறது, ஒரு சேலைத் துணியை இழுத்தால் அது எங்கோ ஆழத்தில் இன்னொரு சேலையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கிறது. எழுபது பேரும் ஒரு மணி நேரம் இழுத்ததில் ஆறு அப்படியே இருந்தது. முப்பிடாதிக்குப் பொறுமை போய்விட்டது. இவ்வளவு பெரிய ஆள் படுத்துக் கிடக்கும்போது ஓரத்தில் நின்று சுரண்டினால் எப்படிச் சுத்தமாகும், இது தொழில் தெரிந்தவர்கள் செய்கிற வேலையா? படித்துறையின் கடைசிப் படியில் இறங்கினாள். வாரியலை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். மண்டபத்தில் சொல்கிற அதே குரலில், கொஞ்சம் களைப்போடு, "ஏ தாயி, கொஞ்சம் எந்திரி, பெருக்கணும்" என்றாள்.

ஆறு ஒரு தடவை புரண்டது. அந்தக் கரையில் ஒரு கையும் இந்தக் கரையில் ஒரு கையும் ஊன்றி மெள்ள எழுந்து உட்கார்ந்தது, கொட்டாவி விட்டது, அந்தக் கொட்டாவி வாடை படித்துறை அரசமரம் வரைக்கும் அடித்தது. பிறகு தன்மேல் ஒட்டியிருந்த பாலித்தீன் பைகளையும் பழந்துணிகளையும் உதறிப் படுத்த இடத்திலேயே போட்டுவிட்டு, சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்த மாதிரி ஓரங்களைச் சுருட்டிக்கொண்டு, படித்துறையின் பதினெட்டுப் படியும் ஏறி, ஊருக்குள் நடந்தது. பஸ் ஸ்டாண்டில் தென்காசி வண்டியை எடுக்கப் போன டிரைவரிடம் கண்டக்டர், "பொறுங்கண்ணே, ஆறு போயிரட்டும்" என்று விசிலை வாயிலிருந்து எடுத்தார். மீன் விற்கிற ஆயிஷா பீவி, ஆற்றோடு சேர்ந்து கெண்டையும் கெளுத்தியும் துள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, சொந்தக்காரங்க பார்த்தால் சங்கடமாச்சே என்று தன் கூடையை முந்தானையால் மூடிக்கொண்டாள். ரேஷன் கடை முக்கில் திரும்பி, தபால் ஆபீஸைத் தாண்டி, ஆறு நேரே பொன்னுலிங்கம் மண்டபத்துக்குள் நுழைந்தது.

அங்கே சாயங்காலம் வரப்போகிற மாப்பிள்ளை வீட்டாருக்காக வாசலில் மேஜை போட்டு, சந்தனமும் கல்கண்டும் பன்னீர்ச்செம்பும் எடுத்து வைத்திருந்தார்கள். மாரிச்செல்வியின் தோழி ஒருத்தி செம்பைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் யார் ஏறி வந்தாலும் பன்னீர் தெளிக்கணும் என்று சொல்லி வைத்திருந்தார்களா, ஆறு வந்ததும் அவள் பாட்டுக்குத் தெளித்துவிட்டாள். பன்னீர் தெளித்து வரவேற்றாகிவிட்டது, கல்கண்டுத் தட்டையும் நீட்டியாகிவிட்டது, இனி என்ன செய்ய முடியும்? ஆறு கூடத்துக்குள் போய் மணமேடைக்கு எதிரே உட்கார்ந்தது. நெஞ்சளவுத் தண்ணீர், வாசல் கதவு விரியத் திறந்து கிடக்கிறது, ஒரு சொட்டு படி தாண்டவில்லை. ஒரு தண்ணிப்பாம்பு மட்டும் மின்விசிறி இறக்கையில் ஏறிச் சுருண்டுகொண்டது.

இப்படி ஒரு விருந்தாளி வந்தால் ஊர் என்ன செய்யுமோ அதைத்தான் பூலாங்கரையும் செய்தது. பெண் வீட்டுக்கு வந்த ஆளா, மாப்பிள்ளை வீட்டு ஆளா என்று முதலில் விசாரித்தார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "சொகமா இருக்கியளா" என்று கேட்டார்கள். கல்யாணச் சமையலுக்கு வந்திருந்த கண்ணாயிரம், கரண்டியோடு வாசலில் நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வந்தவங்களைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது என்று ஒரு இலை போட்டு ரெண்டு இட்லியும் கேசரியும் வைத்தார். இலை மிதந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, துடைத்து வைத்த மாதிரி வெறும் இலையாகத் திரும்பி வந்தது. "கேசரி பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் கொஞ்சம் கிண்டப் போனார். பொன்னுலிங்க அண்ணாச்சிக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "ஐந்நூறு பேரு உக்காருத மண்டபம்னுதான் போர்டுல எழுதியிருக்கேன். ஒரு ஆறே உக்காரும்னு யாருக்குத் தெரியும்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பிடாதிக்கு உயிரே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துவிடும். ஆறு இருக்கிற இடத்தில் அவர்களை எங்கே உட்கார வைக்க, விடிந்தால் மணவறையை எங்கே ஜோடிக்க, தாலியை எங்கே வைத்துக் கட்ட? வாசல்படியில் நின்று, வாரியலை இடுக்கிக்கொண்டு, "தாயி, கொஞ்சம் எந்திரி" என்றாள். ஆறு அசையவில்லை. காலை மட்டும் மடக்கிக்கொள்கிறவர்களைப்போல ஒரு ஓரமாக நாலு விரல் ஒதுங்கியது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சொல்லி ஒரு ஆள் எழுந்திருக்காதது அதுதான் முதல் தடவை.

"அக்கா, ஏழு குடம்தான வேணும், இங்கனயே மோந்துகிட்டா என்ன?" என்று கண்ணாயிரம் ஒரு குடத்தை எடுத்து வந்து முக்கினார். குடம் முங்கியது, குபுகுபுவென்று சத்தமும் போட்டது, வெளியே எடுத்தால் காலி. இன்னொரு தடவை முக்கினார், அப்போதும் காலி. குடத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"வச்சிரும் கண்ணாயிரம், குடுத்தாத்தான தண்ணி" என்றாள் முப்பிடாதி. "அவ இங்கேருந்து எங்க போவா சொல்லும்? அவ படுக்கையப் போட்டது போட்டபடி போட்டு வச்சிருக்கோம். எந்திரின்னு சொன்னேனே, பெருக்கினேனா?" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினாள்.

அங்கே போனால் திருவிழாக் கூட்டம். காலையில் எழுபது பேர், இப்போது ஊரே நின்றது. டீச்சரின் மைக்குக்கு வராதவர்கள் எல்லாம் எப்படி வந்தார்கள் என்றால், ஆறு எழுந்துபோனதும் அடி தெரிந்துவிட்டது. யார் யார் எதை எதைப் போட்டார்கள் என்பது பட்டப்பகல் வெயிலில் பளிச்சென்று கிடக்கிறது. டெய்லர் கடையின் வெட்டுத் துணி ஒரு மேடு. ஓட்டல்காரர் ராத்திரியோடு ராத்திரியாகத் தள்ளின எண்ணெய் டின்கள் ஒரு வரிசை. மூன்று கட்சிகளின் பிளக்ஸ், ஒன்றோடு ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டு. பரிகாரம் செய்து ஆற்றோடு விட்ட வேட்டி சேலைகள், சனி விலகிவிட்டது என்று நம்பி எத்தனையோ குடும்பம் விட்டுப்போனது, ஒன்றுகூட எங்கேயும் போகாமல். அடுத்தவன் பார்ப்பதற்குள் தன்னுடையதை எடுத்துவிட வேண்டுமே என்று ஒவ்வொருத்தரும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார்கள். "சும்மா உதவி செய்யலாம்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டல்காரர் நேரே போய்த் தன் டின்களைத்தான் எடுத்தார். தாய்மாமன் குப்பையைப் பார்த்து மருமகன் சிரித்தான், மருமகன் குப்பையை எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டு மாமன் சிரித்தான். இப்படி ஒரு வேகத்தில் ஒரு ஊர் வேலை செய்ததை ஞானதீபம் டீச்சர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

பதினோரு மணி வாக்கில் மண்டபத்தின் பின்சுவருக்கு நேர் கீழே, சேற்றைத் தள்ளினால், வெள்ளை வெள்ளையாக என்னவோ தெரிந்தது. தோண்டினால், எழுத்துகள். மணமேடைக்குப் பின்னால் பெண் மாப்பிள்ளை பெயரை எழுதி ஒட்டுவார்களே, அந்தத் தெர்மாகோல் எழுத்துகள், இருபத்திரண்டு வருஷத்துக் கல்யாணம் அத்தனைக்கும் உரியவை. மக்கவில்லை, கரையவில்லை, ஜிகினாகூட இன்னும் மின்னியது. கூட்டம் குப்பையை மறந்துவிட்டு எழுத்துப் பொறுக்க ஆரம்பித்தது. "எங்க வீட்டுக்காரர் பேரு கெடக்கு, எங்க பேரக் காணும்" என்று ஒருத்தி. "எனக்கு முதல் எழுத்து மட்டும் கெடைக்கல, கொஞ்சம் பாருங்கய்யா" என்று ஒருத்தர். ஞானதீபம் டீச்சர் சேற்றில் கையை விட்டு ஒரு 'ஞா'வை எடுத்தாள். அந்த மண்டபத்தில் ஒரே ஒரு 'ஞா'தான் ஒட்டியிருக்கிறார்கள், பதினேழு வருஷத்துக்கு முன்னால், அவளுடைய கல்யாண வரவேற்புக்கு. அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "இதையெல்லாம் ஆத்துல கொட்டினது யாரு?"

எல்லோரும் பொன்னுலிங்க அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி அரசமரத்தைப் பார்த்தார்.

"நாந்தான்" என்றாள் முப்பிடாதி. கையில் சேறு, முகத்தில் சேறு. "அண்ணாச்சி இடத்தக் காட்டினாரு, கொட்டினது நாந்தான். ஒவ்வொரு கல்யாணம் முடிஞ்சும் எச்சில் இலை, கப்பு, மாலை, இந்த எழுத்து, எல்லாத்தையும் கூடை கூடையா சுவருக்கு மேல தூக்கி இங்கதான் கொட்டினேன். ஓடுத தண்ணி, கொண்டு போயிரும்னு நெனச்சேன் டீச்சர். எங்கயும் கொண்டு போகல. கொட்டின இடத்துலயே வச்சிக்கிட்டு என்னையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா." அவளைக் குறை சொல்ல வாய் உள்ளவர்கள் யாரும் அங்கே இல்லை. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் இறங்கி ஒரு கூடையை எடுத்துக்கொண்டார். அவருடைய ஆயுசில் அதுதான் அவர் தொட்ட முதல் கூடை.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. ஆற்றின் அடி அரித்துப் போட்ட மணலும் கூழாங்கல்லுமாகக் கிடந்தது. முப்பிடாதி கடைசியாக ஒரு தடவை முழுக்க ஈர்க்குவாரியலால் இழுத்துவிட்டாள், கோடு கோடாக, மண்டபத்து முற்றத்தை இழுப்பதுபோல. பிறகு ஆள் அனுப்பி ஆற்றுக்குச் சேதி சொன்னார்கள். ஆறும் எழுந்து, வந்த வழியே திரும்பி, படித்துறை வரைக்கும் வந்துவிட்டது. மேல்படியில் நின்று தன் படுக்கையைப் பார்த்தது. அதற்கே கண்ணை நம்ப முடியவில்லை போல, கொஞ்சம் நின்றது.

இந்த இடத்தில்தான் பூலாங்கரைக்காரர்கள் தங்கள் புத்தியைக் காட்டினார்கள். ஆறு வீடு திரும்புகிறதே, மரியாதை செய்யாமல் விடுவதா என்று ஊர்ப்பெரியவர்கள் கூடி, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, ஆளுயர மாலை ஒன்றை வாங்கி வந்து, பக்தியோடு கண்ணை மூடிக் கும்பிட்டு, அந்த மாலையைக் கட்டி வந்த பாலித்தீன் பையோடு, சூடம் வந்த டப்பாவோடு, ஊதுபத்திக் கவரோடு, பெருக்கி வைத்த மணலில் அப்படியே வீசினார்கள். கைப்பழக்கம். வருஷக்கணக்காக அப்படித்தானே கும்பிட்டு வந்தார்கள்.

ஆறு அதைப் பார்த்தது. திரும்பி, பஸ் ஸ்டாண்டு வழியாக, ரேஷன் கடை முக்கு வழியாக, மண்டபத்துக்கே போய்விட்டது.

"அடக் கோட்டிக்காரப் பயலுவளா!" என்று முப்பிடாதி போட்ட சத்தத்தில் அரசமரத்துக் காக்கா எல்லாம் பறந்தது. குரலை உயர்த்தாதவள் உயர்த்தியது அன்றைக்குத்தான். "கும்பிட்ட கையி காயல, அதுக்குள்ள கொட்டியாச்சா? நாள் பூராப் பெருக்கின எடம் அது!" ஊர்ப்பெரியவர்கள் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிப்போய் மாலையையும் பையையும் பொறுக்கினார்கள், ஊதுபத்திச் சாம்பலைக்கூட ஊதி ஊதி எடுத்தார்கள். ஆனால் ஆறு திரும்பி வரவில்லை. சொல்லியனுப்பியும் வரவில்லை, டீச்சர் மைக்கில் கூப்பிட்டும் வரவில்லை. மணி ஐந்து. மாப்பிள்ளை வீட்டு வேன் வள்ளிக்குளத்தைவிட்டுக் கிளம்பிவிட்டதாகப் போன் வந்துவிட்டது.

முப்பிடாதி மண்டபத்து வாசல்படியில் உட்கார்ந்தாள். மாரிச்செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், கையில் மருதாணி. "எம்மா, ஆத்துத் தண்ணி இல்லன்னா போகட்டும். என் மாமியாருகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள். அந்தப் பிள்ளை அப்படிச் சொன்னதுதான் முப்பிடாதிக்குத் தாங்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, வரவேற்பு மேஜையில் மிச்சம் இருந்த கல்யாணப் பத்திரிகைகள் கண்ணில் பட்டன. டீக்கடைக்காரருக்கு வைத்தாள், ரேஷன் கடைக்கு வைத்தாள், எட்டாத ஊரில் இருக்கிற ஒன்றுவிட்ட நாத்தனாருக்கு மூன்று பஸ் மாறிப் போய் வெற்றிலை பாக்கோடு வைத்தாள். பின்சுவருக்குப் பின்னாலேயே இருபத்திரண்டு வருஷமாகக் கிடக்கிறவளுக்கு?

"ஏழு குடம் குடுன்னுதான் நின்னேன். கல்யாணத்துக்கு வான்னு ஒரு வார்த்த கேக்கலையே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

தாம்பாளத்தை எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமம், மேலே பத்திரிகை. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று தண்ணீர் ஏறியது. நடுக்கூடத்தில் போய் நின்றாள். வாசலில் ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

"தாயி" என்றாள். "உன் வீட்டுல நான் கொட்டினேன். எச்சிலக் கொட்டினேன், சோத்தக் கொட்டினேன், ஊர்ப் பிள்ளைக பேரையெல்லாம் கொட்டினேன். நீ ஒரு நாளும் ஏன்னு கேக்கல. இனிமே கொட்ட மாட்டேன், என் கண்ணு முன்னால ஒருத்தனைக் கொட்ட விடவும் மாட்டேன். நாளைக்கு எம் மகளுக்குக் கல்யாணம். அவளுக்கு அப்பன் இல்ல. நீ முதல் ஆளா வந்து நிக்கணும். ஏழு குடமா வருவியோ எப்படி வருவியோ, உன் இஷ்டம். வராம மட்டும் இருந்துராத தாயி." பேச்சு முடிந்ததும் ஓவென்று அழுதுவிட்டாள். கண்ணீர் எது, ஆறு எது என்று தெரியாத இடத்தில் நின்று தாராளமாக அழுதாள்.

தாம்பாளம் அவள் கையிலிருந்து மெதுவாக நழுவி மிதந்தது. கூடத்தைச் சுற்றி வந்தது. வெற்றிலையும் பாக்கும் பத்திரிகையும் ஒவ்வொன்றாக உள்ளே போயின, வெறும் தட்டு அவள் கைக்கே திரும்பி வந்தது. பத்திரிகையை வாங்கிக்கொண்டாகிவிட்டது. ஆறு எழுந்தது.

வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் பூலாங்கரையில் இல்லை என்பதால் கண்ணாயிரம் ஒரு தாம்பூலப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பையோட குடுக்காதயும்!" என்று வாசலில் நின்ற நூறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். தேங்காயை மட்டும் எடுத்துக் கொடுத்தார். ஆறு அதை ஏந்திக்கொண்டு, தண்ணிப்பாம்பையும் மின்விசிறியிலிருந்து இறக்கி எடுத்துக்கொண்டு, தெருவோடு போய், பதினெட்டுப் படியும் இறங்கி, கோடு கோடாகப் பெருக்கின மணலில் நீளமாகப் படுத்தது. படுத்ததும் விட்ட பெருமூச்சில் ஊருக்கே காற்று குளிர்ந்தது.

வேன் வந்து நின்றபோது கூடத்துத் தரை ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. சண்முகத்தாய் செருப்பைக் கழற்றி உள்ளே வைத்த காலைத் தூக்கிப் பார்த்தாள். "இப்பதான் கழுவிவிட்டியளோ மைனி?"

"ஆமா மைனி, இன்னைக்குக் கொஞ்சம் நல்லாவே கழுவியாச்சு" என்றாள் முப்பிடாதி.

மறுநாள் காலையில் ஏழு குடம் தூக்கிக்கொண்டு பெண்கள் படித்துறைக்குப் போனார்கள். ஆற்றின் அடியில் கூழாங்கல்லை எண்ணலாம், அப்படி இருந்தது தண்ணீர். குடத்தை முக்குவதற்குக்கூட விடவில்லை, வாயைக் காட்டினதும் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டது. சண்முகத்தாய் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள், இன்னொரு கை அள்ளிக் குடித்தாள், "எங்க ஊருத் தண்ணிக்குக் கொஞ்சமும் குறைச்சல் இல்ல" என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னாள். ஏழாவது குடத்தை மாரிச்செல்வி தலையில் ஊற்றினபோது, அந்தப் பிள்ளை மேல் மஞ்சள் வாசனையோடு லேசாகப் பன்னீர் வாசனையும் வந்தது. முப்பிடாதி பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டுகிறபோது எழுந்து நின்று அட்சதை போட்டாள். பந்தியில் ஒரு இலை கூடுதலாகப் போட்டு, கேசரி நிறைய வைத்தார் கண்ணாயிரம்.

பந்தி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வேனில் ஏறிப்போய், கூட்டம் கலைந்த பிறகு, வெறும் மண்டபத்தில் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. அண்ணாச்சி கண்ணில் படாமல் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகினாள், எச்சில் இலையை எல்லாம் கூடையில் அள்ளினாள், மகளை நினைத்துக்கொண்டே பின்கட்டுக்கு நடந்தாள். இருபத்திரண்டு வருஷத்துக் கால், தானாகப் போயிற்று. இருபத்திரண்டு வருஷத்துக் கை, தானாகத் தூக்கிற்று. கூடை சுவருக்கு மேல் ஏறி நின்ற நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ஆறு தலையைத் தூக்கிப் பார்த்தது.

முப்பிடாதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூடையை மெள்ள இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு இலை நுனிகூட அந்தப் பக்கம் விழவில்லை.

"ஒண்ணுமில்ல தாயி, கைப்பழக்கம்" என்றாள். "நீ படு."

ஆறு மறுபடி தலையைச் சாய்க்கிற வரைக்கும் நின்று பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு, அண்ணாச்சி தன் தென்னந்தோப்பில் மண்டபத்துக் குப்பைக்கென்று புதிதாக வெட்டிய குழியைப் பார்த்து நடந்தாள்.